ரெண்டு மணி சங்கு

பிகானேர்
28.12.2025

தமிழ்,

நீ சொன்ன மாதிரியே போன் இல்ல, வீடியோ கால் இல்ல, லெட்டர். பேனா புடிச்சு எத்தினியோ நாளாச்சு. அரைப் பக்கம் எழுதறதுக்குள்ள விரலு வலிக்குது. போன்ல தட்டற கட்டைவிரலுக்கு மட்டும்தான் பலம் இருக்குது போல.

ஒரு வகையில இது நல்லதுதான். போன்ல பேசினா அஞ்சாவது நிமிஷம் சண்டை. வாட்ஸ்அப்ல எழுதினா ப்ளூ டிக் வந்தும் பதில் வரலன்னு அதுக்கு ஒரு சண்டை. லெட்டர்ல ப்ளூ டிக் கெடையாது. நீ படிச்சியா, கிழிச்சுப் போட்டியான்னு எனக்குத் தெரியப் போறதில்ல. நிம்மதி.

இங்க குளிரு பல்லைக் கழட்டுது. நெய்வேலி சுரங்கத்துல ராப்பகலா தண்ணி எறைச்சுக்கினே இருப்போம், இல்லன்னா குழி ரொம்பிடும். இங்க குழியில ஊறறது புழுதி ஒண்ணுதான். ரூம்ல நானும் அசோக்குமாரும். அவன் திருநெல்வேலிக்காரன். தூக்கத்துல மகளுக்குக் கதை சொல்றான். நான் முழிச்சுக்கினு கேக்கறேன். சிங்கம் கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கற இடத்துல நிறுத்திட்டு குறட்டை விடறான். காலையில 'மீதியச் சொல்லுடா'ன்னு கேட்டா, 'எந்தக் கதைலே?'ன்றான்.

ஒண்ணு கேக்கணும். நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிக்கினு இருந்தப்ப, ஷிப்ட் முடியற ரெண்டு மணி சங்கு ஊதினதும் அறிவு ஓடியாந்து கேட்டைப் புடிச்சுக்கினு நிப்பானே. என் வண்டி முக்குல திரும்பறதுக்குள்ள 'ப்பா, ப்பா'ன்னு குதிப்பான். இப்பவும் நிக்கறானா?

இதுக்கு மட்டும் பதில் எழுது. மத்ததெல்லாம் உன் இஷ்டம்.

நெடுமாறன்

*

நெய்வேலி
6.1.2026

அறிவு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ராஜஸ்தான் சுரங்கத்துக்குப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது கையைத் தூக்கியது நீங்கள். அதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுச் சந்திராக்கா. "என்னாடி, உன் வூட்டுக்காரரு ஒட்டகம் மேய்க்கப் போறாராமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் முன்பே தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். பிரமோஷன் வேண்டும், பெரிய மெஷினில் உட்கார வேண்டும், இரண்டு வருஷம்தானே, எல்லாம் சரி. என்னிடம் கேட்டிருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். அந்த அசட்டுச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வீடியோ கால் வேண்டாம் என்றது கோபத்தில் இல்லை. நீங்கள் கட் செய்த பிறகு இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அறிவு போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பான். என் கையில் கொடுத்துக் கவரைக் கழற்றச் சொல்வான். கழற்றிக் காட்டுவேன். அதற்குள்ளும் நீங்கள் இல்லை. அப்புறம் அழ ஆரம்பிப்பான், சோறு இறங்காது.

உள்ளங்கை அளவு பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருந்த முகம், தீபாவளிக்குக் கதவு உயரத்துக்கு வந்து நின்று "வாடா" என்று கையை நீட்டினால் எந்தக் குழந்தை பயப்படாது? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான் சொல்லிக்கொடுத்துத்தான் ஒளிந்தான் என்றீர்கள். சொல்லிவிட்டு, லீவு மிச்சம் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். உங்கள் தலை மறைந்த பிறகுதான் அவன் வெளியே வந்தான். வந்து, நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான்.

காணும் பொங்கலுக்குச் சந்திராக்கா குடும்பத்தோடு முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போகிறோம். அவர்களுக்குத் தெரிந்தவருடைய தோப்பு. அறிவுக்கு இதுதான் முதல் வெளியூர்ப் பயணம். வெளியூர் என்று நான் சொன்னதற்கு அக்கா மகள் சங்கீதா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆனாலும் குவார்ட்டர்ஸ், பிளாக் ரோடு, பார்க், இவற்றைத் தாண்டி அவன் எதைப் பார்த்திருக்கிறான்?

மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

தமிழ்மொழி

*

பிகானேர்
11.1.2026

தமிழ்,

என்னா இது, ஸ்கூல் சர்க்குலர் மாதிரி எழுதியிருக்க? நீ டீச்சரா இருந்தப்ப உங்க நர்சரியில 'உங்கள் குழந்தைக்கு நகம் வெட்டி அனுப்பவும்'னு நோட்டீஸ் அனுப்புவீங்களே, அது இதைவிடப் பாசமா இருக்கும்.

'கேட்டிருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன்'ன்ற. அந்த வரியத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் சொல்லாம கையத் தூக்கினேன். நீ போன்னு சொல்லி வந்திருந்தா இந்த ரூமு கொஞ்சம் பெருசா இருந்திருக்கும்.

நாற்காலியத் தொட்டுப் பாத்தான்னு எழுதியிருக்க. அத அன்னிக்கே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா விருத்தாசலத்துல எறங்கித் திரும்பி வந்திருப்பேன்.

சரி, முந்திரித் தோப்பு. எனக்கு இங்க உக்காந்துகினே குதிக்கத் தோணுது. குறிஞ்சிப்பாடியில சின்ன வயசுல காணும் பொங்கலுக்கு லாரி புடிச்சுப் போவோம். இப்பக் காய் இருக்காது, பூ இருக்கும். அந்த வாசனைக்கு அவன் தும்முவான் பாரு. பச்சைக் கொட்டை எதுனா கெடந்தா கையில குடுத்துடாத, பால் பட்டா தோலு வெந்துபூடும். கெணறு எங்க இருக்குதுன்னு போனதும் கேட்டுக்க. தீபாவளிக்கு வாங்கியாந்தேனே, நடந்தா கீச்சுக் கீச்சுன்னு கத்தற செருப்பு, அதைப் போட்டு வுடு. எந்தப் பக்கம் போறான்னு காதுலயே தெரியும். போட்டோ எடு. நெறைய எடு.

சங்கு பத்திக் கேட்டதுக்குப் பதிலே இல்ல. நிக்கலன்னா நிக்கலன்னே எழுது. நான் ஒண்ணும் ஒடஞ்சு போயிட மாட்டேன்.

நெடுமாறன்

*

நெய்வேலி
19.1.2026

அறிவு அப்பாவுக்கு,

தோப்புக்குப் போய் வந்தோம். நன்றாக இருந்தது.

புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், மீந்த பொங்கல் கரும்பு. அறிவு முந்திரிச் சருகின் மேல் குதித்துக்கொண்டே இருந்தான். அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. ஒரு ஆட்டைப் பார்த்து "மியாவ்" என்றான். ஆடு திரும்பிப் பார்த்தது. எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினான். நீங்கள் சொன்ன மாதிரி தும்மினான்.

நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டோம். போட்டோ எடுக்கவில்லை. கை ஒழியவில்லை.

தமிழ்மொழி

*

பிகானேர்
26.1.2026

தமிழ்,

சங்கீதா போட்ட ரீல்ஸ் பாத்தேன். பச்சைப் பாவாடை தாவணியில சுத்தறா, பாட்டு ஓடுது, முந்திரிப் பூ கொட்டுது. கமெண்ட்டு பூரா ஹார்ட்டு.

அவளுக்குப் பின்னாடி, ரொம்பப் பின்னாடி, நீ இருக்க. தரையில குப்புறப் படுத்திருக்க. கன்னத்தை மண்ணுல வெச்சுக்கினு.

அசோக்குமார்கிட்ட காட்டினேன். 'அது மர நெழலுலே, பேசாமப் படு'ன்றான். நெழலுக்கு ஊதா ஜாக்கெட் எங்கேர்ந்து வரும்? நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். உன் தலை பூரா சருகு. ரீல்ஸ்ல ஒரு எடத்துலயும் அறிவு இல்ல.

போன் பண்ணினேன், நீ எடுக்கல. 'ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், எழுதுகிறேன்'னு மெசேஜ் மட்டும் வந்துச்சு. நல்லா இருக்கறவ எதுக்கு மண்ணுல படுத்திருந்த? மயக்கமா? ஒடம்புக்கு என்னா?

மறைக்காத. கெஞ்சிக் கேக்கறேன்.

நெடுமாறன்

*

நெய்வேலி
1.2.2026

அறிவு அப்பாவுக்கு,

போனை எடுத்திருந்தால் அழுதிருப்பேன். எழுதும்போது அழுதால் உங்களுக்குக் கேட்காது.

மயக்கமில்லை. அறிவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தோம். அவன் செருப்புக்குள் மணல் போயிருந்தது. கழற்றித் தட்டி என் பக்கத்தில் வைத்தேன். சங்கீதா போனை மரக்கிளையில் சாய்த்து வைத்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஆடப் போனாள். சந்திராக்கா தன் நாத்தனார் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவுக்குள் பூமாலை விழுந்த கதையைச் சொன்னார். "எடுத்துப் போட்டுட்டுப் பரிமாறுங்கடின்னேன். மல்லிப்பூ சாம்பாரு, ஒருத்தனும் குறை சொல்லல." நான் சிரித்துவிட்டுத் திரும்பினேன். பாயில் செருப்பு மட்டும் இருந்தது.

முந்திரி மரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிளையெல்லாம் தரைக்கு இறங்கிப் படுத்திருக்கும். நம் உயரத்துக்கு இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு அடியில் எல்லாப் பக்கமும் வழி. "அறிவு, அறிவு" என்று கத்திக்கொண்டு, தலையில் இடித்துக்கொண்டு ஓடினோம். சந்திராக்காவின் வீட்டுக்காரர் மட்டும் கத்தாமல் வேறு பக்கம் ஓடினார். அந்தப் பக்கம்தான் கிணறு. அது புரிந்ததும் என் கால் நின்றுவிட்டது.

தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த வீரம்மாள் என்கிற அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

"என்னாம்மா இப்டி அலறிகினு கெடக்குற? யாரக் காணோம்?"

"எம் புள்ளயக் காணோங்க. ரெண்டு வயசு."

"நின்னுகினு பாத்தா என்னாத்தத் தெரியும்? படு. மண்ணுல படுத்துப் பாரு. ஆட்டுக்குட்டி பூந்துகிச்சுன்னா அப்டித்தான் தேடுவோம்."

படுத்தேன். நீங்கள் பார்த்தது அதைத்தான். அந்த நேரத்தில் சங்கீதா இன்னும் ஆடிக்கொண்டிருந்ததும், அவள் போன் படம் எடுத்துக்கொண்டிருந்ததும் எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் பாவம். வீட்டுக்கு வந்து நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள், பின்னால் நான் இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

இலைக்கு அடியில் வேறொரு இடம் இருந்தது. இலையே இல்லை, வெறும் அடிமரங்கள். நிழலும் வெயிலும் திட்டுத் திட்டாக. வெகு தொலைவில் இரண்டு சின்னக் கால்கள் போய்க்கொண்டிருந்தன. ஓடவில்லை, தடுமாறவில்லை. வேலைக்குப் போகிற ஆளுடைய கால்கள் மாதிரி ஒரே திக்கில் நடந்துகொண்டிருந்தன.

தோப்பு முடிகிற இடத்தில் வண்டிப்பாதை. பாதைக்கு முன்னால் ஒரு மூங்கில் படல். அந்தப் படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கப் போனேன். உதறினான்.

"ப்பா வதும்," என்றான்.

பின்னாலேயே வந்த வீரம்மாள் கேட்டார். "அவங்கப்பன் எங்க?"

"டூட்டியில இருக்காருங்க" என்றேன்.

"அதான பாத்தேன். இப்பத்தான் மைன்ஸ்ல சங்கு ஊதுச்சு. காத்து இந்தப் பக்கம் திரும்பினா இங்க வரைக்கும் வரும். நமக்குத்தான் காதுல ஏறாது, புள்ள கேட்டுகினு வந்திருக்குது."

பண்டிகைக்கு ஷிப்டு நிற்குமா என்ன. சங்கு ஊதியிருக்கிறது. பாயில் இருந்த எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் கேட்கவில்லை. வெறுங்காலோடு அவன் எழுந்து போயிருக்கிறான். பாதங்களில் சருகு கீறியிருந்தது. வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்தேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நிற்கிறான். தினமும் நிற்கிறான். முக்கில் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் எம்பிப் பார்ப்பான். ரோடு காலியானதும் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவேன். அழமாட்டான். அழுதால் சமாதானமாவது செய்யலாம். அழாத குழந்தையை என்ன செய்வது?

முன்பே ஏன் எழுதவில்லை என்றால், தெரிந்தால் அத்தனை தூரத்தில் நீங்கள் என்ன ஆவீர்களோ என்று இருந்தது. அது பாதிதான் உண்மை. இந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு ஏன் தர வேண்டும் என்றும் இருந்தது.

கிணறு எங்கே என்று கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

தமிழ்மொழி

*

பிகானேர்
7.2.2026

தமிழ்,

திட்டல.

லெட்டரக் கேன்டீன்ல வெச்சுப் படிச்சேன். கெணறுன்ற எடம் வந்ததும் லெட்டர மடிச்சு வெச்சுட்டு, திரும்பப் பிரிச்சேன். அப்புறம் 'நிற்கிறான்'ன்ற எடம் வந்துச்சு. அசோக்குமார் ஓடியாந்து 'என்னலே, ஊர்ல யாருக்கும் எதுவுமா?'ன்னு தோளப் புடிச்சான். 'எம்புள்ள நிக்கறான்டா'ன்னேன். 'எதுலலே நிக்கான், எலெக்சன்லயா?'ன்றான்.

நீ மண்ணுல படுத்துக் கெடந்த நேரத்துல நான் இங்க மெஷின்ல உக்காந்திருந்தேன். கீழ பாத்தா மனுஷனே எறும்பு மாதிரி தெரியற உசரம். நீ அவன் காலத் தேடிக்கினு இருந்திருக்க.

கேளு. மார்ச்சு மொதல் வாரம் பத்து நாள் லீவு சொல்லிட்டேன். ஒரு யோசனை, ராப்பூரா தூங்காம யோசிச்சது. ரயிலு காலையிலயே வந்துடும். நான் வூட்டுக்கு வரமாட்டேன். மெயின் பஜார்ல உக்காந்திருப்பேன். என் பழைய டூட்டி டிரெஸ்ஸு, மஞ்ச ஹெல்மெட்டு, டிபன் கேரியரு எல்லாத்தையும் வண்டியோட சந்திராக்கா வூட்ல வெச்சுடு. ரெண்டு மணி சங்கு ஊதினதும் நான் பாட்டுக்கு முக்குல திரும்பி வருவேன். அவன் கேட்டுல நிப்பான். ஒளிய மாட்டான் பாரு. லீவு பூரா அப்டியே. தெனமும் காலையில 'டூட்டி'க்குக் கெளம்பறேன், ரெண்டு மணிக்கு வந்து நிக்கறேன்.

எப்டி? எனக்கு இப்பவே அந்த முக்குல திரும்பற மாதிரி இருக்குது.

நெடுமாறன்

*

நெய்வேலி
14.2.2026

மாமா,

உங்கள் யோசனையைப் படித்துச் சிரித்தேன். இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு அறிவு ஓடிவந்து பார்த்தான். பரண்மேல் இருந்து ஹெல்மெட்டை இறக்கித் துடைக்கக்கூடச் செய்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது, லீவு முடிந்து நீங்கள் திரும்பிப் போகப்போகிற நாளுக்கு மறுநாள் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கும் சங்கு ஊதும்.

லீவு முழுக்கச் சங்கு ஊதியதும் அப்பா வந்திருப்பார். அன்றைக்கு வரமாட்டார். அதற்கு அடுத்த நாளும் வரமாட்டார். நீங்கள் அங்கே மெஷினில் இருப்பீர்கள். கேட்டில் அவனோடு நிற்கப் போவது நான். இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் எம்பிப் பார்க்கிறான். அப்போது என்ன செய்வான் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை. அவனுக்குச் சங்கு தெரியும். வண்டி தெரியும். ஹெல்மெட் தெரியும். உங்களைத் தெரியாது, மாமா. அப்பா என்றால் அவனுக்கு அந்தச் சத்தம்தான். தோப்பில் அவன் நடந்து போனது அந்தச் சத்தத்துக்குப் பின்னால்.

அதனால் சங்கு ஊதாத நேரத்தில் வாருங்கள். லுங்கியைக் கட்டிக்கொண்டு சும்மா வீட்டில் இருங்கள். அழுவான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போவான். போகட்டும். இந்த முறை பையைத் தூக்காமல், அந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருங்கள்.

ஹெல்மெட்டைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டேன்.

தமிழ்

*

ரயிலில்
13.3.2026

தமிழ்,

நாக்பூர் வரப் போவுது, அங்க எறங்கி இதைத் தபால் பெட்டியில போடணும். வண்டி ஆடறதுல எழுத்து கோணல் மாணலா இருக்கும், படிச்சுக்க.

மொத நாள் நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி குந்தி வேர்க்கடலை உரிச்சுக்கினு இருந்ததை நீ பாத்த. உரிச்சு உரிச்சு ஒவ்வொண்ணா உள்ள தள்ளினதும், கடைசியில அங்கேர்ந்து ஒரு கை வெளிய வந்ததும் உனக்குத் தெரியும். நீ என்னை 'மாமா, மாமா'ன்னு கூப்புட்டுக்கினு இருந்தியா, அவனும் அதையே புடிச்சுக்கினான். 'மாமா, இந்தா'ன்னு தொலியத் திருப்பிக் குடுத்தான். 'பேருதானே, மெதுவா மாத்திக்கலாம்'னு நீ சொன்ன. நானும் சிரிச்சேன்.

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குது. அன்னிக்கு ரெண்டு மணிக்கு நீ உள்ள ரசத்துக்குத் தாளிச்சுக்கினு இருந்த. சங்கு ஊதுச்சு. அவன் கடலைய அப்டியே போட்டுட்டு ஓடிப்போயி கேட்டைப் புடிச்சான். நானும் போனேன். அவன் உசரத்துக்குப் பக்கத்துல குந்தினேன். கேட்டோட கீழ்க்கம்பி வழியா ரோடு வேற மாதிரி தெரியுது தமிழ். வண்டியெல்லாம் பெருசா இருக்குது. ஓட்டறவன் மூஞ்சியே தெரியல, ஹெல்மெட்டுதான் தெரியுது.

ஒவ்வொண்ணா திரும்புச்சு. அவன் எம்பி எம்பிப் பாத்தான். அப்புறம் என் பக்கம் சாஞ்சு, ரகசியம் மாதிரி, 'மாமா, ப்பா வதும்'னான்.

'நான்தான்டா அது'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ நம்பிக்கையா ரோட்டப் பாத்துக்கினு இருந்தான். இந்தக் கடலை உரிக்கிற ஆளுதான் அதுன்னு சொன்னா ஏமாந்துடுவானோன்னு பயமாப் போச்சு. 'ஆமாடா, வருவாரு'ன்னேன்.

ரெண்டு பேரும் எனக்காக நின்னோம்.

கடைசி வண்டியும் போச்சு. ரோடு காலி. அழமாட்டான்னு எழுதியிருந்தியே, அழல. நான்தான் லுங்கியால மூஞ்சியத் தொடச்சேன். அவன் என் மூஞ்சிய உத்துப் பாத்தான். என்னா புரிஞ்சுதோ, என் சுண்டு விரலப் புடிச்சு உள்ள இழுத்துக்கினு வந்தான். நீ அவனத் தூக்கிக்கினு வருவேன்னு எழுதினல்ல, அன்னிக்கு அவன் என்னைக் கூட்டிக்கினு வந்தான்.

அதுக்கப்புறம் தெனமும் நின்னோம், என் சுண்டு விரலு அவன் கையில. நீ உள்ள இருந்த. உன்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா ரசத்துல உப்பு கூடியிருக்கும்.

நேத்து சாயங்காலம் கெளம்பறப்ப அவன் தூங்கிக்கினு இருந்தான். எழுப்பலாம்னு நீ சொன்ன. நான்தான் வேணாம்னேன். இப்ப எழுப்பியிருக்கலாம்னு இருக்குது.

நெடுமாறன்

*

நெய்வேலி
18.3.2026

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் நான் பார்த்தது எனக்கே விளங்கியது. அதனால் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் போன அன்று அறிவு எழுந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். அப்புறம் பாத்ரூம் கதவைத் தட்டினான். கொடியில் கிடந்த உங்கள் லுங்கியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். சந்திராக்கா எட்டிப் பார்த்து, "என்னடா பெரிய மனுஷா, லுங்கி காவலா?" என்றார். அவரிடம் இரண்டு கடலைத் தொலியைக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்பே வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். சங்கு ஊதியது. கீச்சுக் கீச்சென்று ஓடினான். இடது கையால் கேட்டைப் பிடித்தான். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, காற்றில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். ஏன் இப்படி நிற்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கை வலிக்கிறதோ என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, அது உங்கள் சுண்டு விரல் இருந்த உயரம்.

முதல் வண்டி திரும்பியது. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஒன்றையும் பார்க்கவில்லை. பக்கத்தில், நீங்கள் குந்தியிருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றுமில்லை, வெறும் சிமெண்ட் தரை.

என்னைத் திரும்பிப் பார்த்து, "ப்பா போச்சு," என்றான்.

மாமா என்று சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அப்புறம் அழுதான். சங்குக்கு நின்ற இத்தனை மாதத்தில் கேட்டில் அவன் அழுதது அன்றைக்குத்தான். நான் சமாதானம் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வரவும் இல்லை. நீங்கள் இருந்த இடத்தில் போய்க் குந்திக்கொண்டேன். வண்டிகள் எல்லாம் போய் முடிகிற வரைக்கும் அழுதான். அழட்டும் என்று விட்டேன். யாருக்காக அழுகிறோம் என்று தெரிந்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ கால் போடுங்கள். மெஷினிலிருந்து இறங்கி, தரையில் குந்திக்கொண்டு பேசுங்கள். கட் செய்த பிறகு போனைத் திருப்பி உங்களைத் தேடினால், கவரைக் கழற்றிக் காட்டிவிட்டு நானும் அவனோடு சேர்ந்து தேடுகிறேன்.

தமிழ்